ஏழு வயது மகனுக்கு மருந்து ஏற்றி இரத்தக்குழாய் எம்.ஆர்.ஐ.: எங்கள் அச்சம் நியாயமானதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். எங்கள் மகனுக்கு வயது ஏழு, எடை 20 கிலோ. அடிக்கடி தலைவலி என்று காட்டப்போன இடத்தில் இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருப்பது தெரிந்தது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இடது சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, இரத்தக்குழாய்கள் படத்தில் ஒளிர்ந்து தெரிய காடோலினியம் மருந்து ஏற்றிப் பெருந்தமனி முழுவதையும் எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த மருந்து மூளையில் தங்கிவிடும் என்று மாமியார் யாரிடமோ கேட்டு வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்கிறார்களே, அதை விட்டு மயக்க மருந்து வரை போவது ஏன்?

பதில் 1 (எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சகோதரி, மாமியார் கேட்டது முழுப் பொய்யல்ல. மூளையின் சில பகுதிகளில் காடோலினியம் படிவதை 2014 முதல் ஆய்வுகள் காட்டின. ஆனால் அது பெரும்பாலும் நேர்ச்சங்கிலி மூலக்கூறு அமைப்புள்ள காடோலினியம் மருந்துகளைப் பலமுறை பெற்றவர்களிடம் தெரிந்தது, அதனால் நோய் வந்ததாக இதுவரை நிறுவப்படவுமில்லை. காடோபியூட்ரால், காடோடெரேட் போன்ற வளைய அமைப்புள்ளவை காடோலினியம் என்ற அந்த உலோகத்தை இறுகப் பிடித்து வைப்பவை. ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நேர்ச்சங்கிலி மருந்துகள் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. எனவே எந்த மருந்து என்றும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால்தான் தோல் இறுகும் ஒரு கடுமையான பக்கவிளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். காடோபியூட்ரால் என்றால் உங்கள் மகனுக்கு வெறும் 2 மில்லி; மருந்து செல்லும் குழாயிலேயே அதில் பாதி நின்றுவிடக்கூடும் என்பதால் பின்னாலேயே சலைன் செலுத்தித் தள்ளுவோம். எங்களுக்கு உண்மையான சவால் இங்கேதான். குழந்தைகளின் இதயம் வேகமாகத் துடிப்பதால் மருந்து தமனியில் நிறைந்திருப்பது சில நொடிகளே. கொஞ்சம் பிந்தினால் சிரைகளும் ஒளிர்ந்து, பார்க்க வேண்டிய தமனியை மறைத்துவிடும். அந்த நொடிகளில் குழந்தை மூச்சை அடக்கி அசையாமல் இருக்க வேண்டும். சி.டி. விரைவானதுதான், ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு, இவனுக்கோ இனி வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டி வரலாம்.

பதில் 2 (மயக்கவியல் செவிலியர், கேப்டவுன்)

ஏழு வயதில் சில பிள்ளைகள் பயிற்சி கொடுத்தால் மூச்சை அடக்கிவிடுவார்கள், முடியாதவர்களுக்கே முழு மயக்கம். அப்போது மயக்க மருத்துவர் சுவாசக் கருவியைச் சில நொடிகள் நிறுத்தித் தருவார். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தெளிந்த நீர் எதுவரை குடிக்கலாம் என்பதை அவர்களிடமே கேளுங்கள். கோயிலில் கட்டிய தாயத்தையும் வெள்ளி அரைஞாணையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வாசலில் வைத்துக் கழற்றச் சொன்னால் பாட்டிமார் மனம் நோகிறார்கள்.

கேட்டவர்

நன்றி. படத்தில் சுருக்கம் தெரியவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 3 (குழந்தை மருத்துவர், டர்பன்)

அப்படி எடுத்துக்கொள்ள முடியாதம்மா. பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனியின் முதன்மைப் பகுதியையும் இந்தப் படம் நன்றாகக் காட்டும். சிறுநீரகத்தின் உள்ளே பிரியும் மெல்லிய கிளைகளில் இருக்கும் சுருக்கம் தப்பிவிடலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் தொடைத் தமனி வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி எடுக்கும் படமே முடிவு சொல்லும், தேவைப்பட்டால் அப்போதே பலூனால் விரிக்கவும் செய்யலாம்.

பெருந்தமனி முழுவதையும் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நம் தென்னாப்பிரிக்காவில் இப்படிச் சிறுநீரகத் தமனி சுருங்கும் குழந்தைகளிடம் தகாயாசு என்ற தமனி அழற்சி முக்கியமான காரணமாக இருக்கிறது. அவர்களில் பலருக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை பாசிட்டிவாக வருகிறது. இந்த அழற்சி காசநோயால் வருகிறது என்று நிரூபணமாகவில்லை என்றாலும், அந்தப் பரிசோதனை நடந்ததா என்று விசாரியுங்கள். நான்கு கைகால்களிலும் இரத்த அழுத்தம் அளந்தார்களா என்பதையும் கேளுங்கள். அளக்கவில்லை என்றால், ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் நாளைக்கே அளக்கச் சொல்லலாம்.