கழிவுநீர்க் கானில் நெளியும் செம்புழு ஓடையில் ஏன் இல்லை?

தேயிலைச்சாரல்:
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு)ப் பின்னாலுள்ள கழிவுநீர்க் கானின் சேற்றில் நூல் போன்ற செம்புழுக்கள் அடையடையாக நெளிகின்றன. மருந்து கலக்கும் தொட்டிக்குக் கீழே, பார்வைக்குத் தெளிவாக ஓடும் ஓடையிலோ ஒன்றைக்கூடக் காணவில்லை. "அப்படியானால் கான் தண்ணீர்தான் நல்லதா, சேர்?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். என்ன விளக்கம் சொல்வது?

நீரடி:
நல்லதில்லை. அவை துபிபெக்ஸ் வகைப் புழுக்கள். குருதியில் ஈமோகுளோபின் இருப்பதால், தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே அசைத்தபடி, ஒட்சிசன் மிகக் குறைந்த கழிவுநீரிலும் வாழ்ந்துவிடும். ஓடையில் அவை இல்லாததற்கு நஞ்சு மட்டுமே காரணமென்று முடிவுகட்டிவிட வேண்டாம். கல்லும் மணலுமான அடித்தளத்தில் அவற்றுக்கு இரையே இராது.

கொத்மலைக்காரன்:
அங்கே சேறு இருந்தால் செம்பைச் சந்தேகிக்கலாம். இலையைத் தாக்கும் பங்கசு நோயான கொப்புள நோய் 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து செம்பு கலந்த பங்கசுநாசினிகள் தெளிக்கப்படுகின்றன. செம்பு சிதைந்து அழிவதில்லை. தண்ணீர் ஓடிப்போய்விட, அது வண்டலில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடுகிறது. வண்டலையே தின்னும் புழுவுக்குத் தோல் வழியாகவும் குடல் வழியாகவும் அது சேர்கிறது. உடனே சாகாவிட்டாலும், புழு சேற்றுக்குள் புதையாமல் வெளியே கிடக்கும், வால்துண்டு அறுந்து விழும், முட்டைக்கூடுகள் குறையும். நம் மலைநாட்டு ஓடைகள் பெரும்பாலும் கல்சியம் குறைந்த மென்னீர் என்பதால், அதே அளவு செம்பு இங்கே கடுமையாகத் தாக்கும். கானின் கறுத்த சேற்றிலோ சல்பைட்டு உலோகத்தைப் பிணைத்து வைத்துக்கொள்ளும்; ஆகவே புழு உயிரோடிருப்பதை வைத்து அங்கே உலோகமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நீரடி:
அது நான் யோசிக்காத கோணம். வகுப்பிலேயே சோதிக்கலாம்: தொட்டிக்கு மேலும் கீழும் சேறெடுத்து, ஒரே அளவு போத்தல்களில் பத்துப் பத்துப் புழுக்களை விட்டு, 28 நாட்களின் பின் எண்ணி நிறுத்துப் பாருங்கள். இதே போன்ற நன்னீர்ப் புழுவான லும்பிரிகுலஸுக்கான சர்வதேசச் சோதனைமுறையிலும் அதே கால அளவுதான். கையுறை அவசியம். கான் புழுக்களைப் பயன்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஃபவுண்ட்ரி கோவ் என்ற சிறு குடாவில், மின்கலத் தொழிற்சாலை கழித்த கட்மியம் என்ற நச்சு உலோகத்துக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த லிம்னோட்ரிலஸ் (துபிபெக்ஸின் உறவினம்) புழுக்கள் அதைத் தாங்கும் வல்லமை பெற்றிருந்தன. பழகிய புழு தவறான விடையைத் தரும்.

தேயிலைச்சாரல்:
நன்றி. தொட்டிக்கு மேலுள்ள மாதிரியைப் பீலியடியில் (மலைநீர் குழாய்வழி விழும் இடத்தில்) எடுக்கிறோம்; அலங்கார மீன் கடையில் புழு வாங்கிக்கொள்கிறோம். கேள்வி கேட்ட மாணவியே எண்ணட்டும்.