ரகசியச் சாவி எடுக்க 1 பிட் இருக்கிறதாகக் கணக்கு சொல்கிறது, ஆனால் கிடைப்பது பூஜ்யம். ஏன்?

ரகசியச் சாவி ஒன்றை ஒப்புக்கொள்ள விரும்பும் ஆலிஸிடம் ஒரு பிட் (0 அல்லது 1), பாபிடம் ஒரு பிட், இரண்டும் தனித்தனியாகச் சுண்டிய நாணயம். ஒட்டுக்கேட்கும் ஈவிடம் அவற்றின் எக்ஸார் (இரண்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) மட்டும். ஈவுக்குத் தெரிந்ததை நிபந்தனையாக வைத்தால் ஆலிஸ்-பாப் மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் (ஒருவர் பிட் மற்றவர் பிட்டைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்ற அளவு) சரியாக 1 பிட் வருகிறது. ஈவும் கேட்கக்கூடிய பொதுத் தடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாமே, அப்புறம் ஏன் ஒரு பிட் ரகசியச் சாவி கூடக் கிடைக்காது என்கிறார்கள்?

பதில் 1
கணக்கு சரிதான், ஆனால் அது மேல்வரம்பு. குறியாக்க ஆய்வாளர் மவுரர் 1993-ல் இரண்டு வரம்புகள் காட்டினார்: நீங்கள் போட்டது ஒன்று, ஈவை அடியோடு மறந்துவிட்டுப் போடும் மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் மற்றொன்று. இரண்டில் சின்னதைத் தாண்ட முடியாது, உங்களுக்கு இரண்டாவது பூஜ்யம். ஆலிஸையும் பாபையும் இணைக்கும் ஒரே கயிறு ஈவின் கையில்தான் இருக்கிறது, அவள் தன் பிட்டைத் தூக்கிப் போட்டாலே உறவு போச்சு. இதைத்தான் 1999-ல் மவுரரும் வுல்ஃபும் பொதுமைப்படுத்தினார்கள்: ஈவ் தன் தகவலை எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம், அப்படிக் கலைத்ததில் வரும் மிகக் குறைந்த மதிப்புதான் வரம்பு. அதுவும் கடைசி வரம்பு இல்லை, 2003-ல் ரெனரும் வுல்ஃபும் இன்னும் இறுக்கினார்கள்.

பதில் 2
கீழ்ப்பக்கமும், அதாவது குறைந்தது இவ்வளவு சாவி கிடைக்கும் என்று சொல்லும் கீழ்வரம்பும், ஏமாற்றும். ஒரு செயற்கைக்கோள் பிட்டுகளை ஒலிபரப்புகிறது. ஆலிஸ், பாப் இருவருக்கும் 20% பிழை, ஈவுக்கு 15% தான். ஆலிஸின் பிட்டோடு ஒப்பிட்டால் பாபுக்கு 32% பிழை, ஈவுக்கு 29%. தோற்ற கேஸ் என்றுதானே தோன்றும்? ஆலிஸ் ஒரு புதிய பிட்டைத் தன் ஐந்து பிட்டுகளில் ஒவ்வொன்றோடும் தனித்தனியாக எக்ஸார் செய்து அனுப்பட்டும். பாப் வந்த ஐந்தையும் தன் ஐந்தோடு ஒவ்வொன்றாக எக்ஸார் செய்து பார்த்து, ஐந்தும் ஒரே விடை தந்தால் மட்டும் ஏற்கிறார். 100-ல் சுமார் 85 தொகுதிகள் குப்பைக்குப் போகும், பரவாயில்லை. மிஞ்சியதில் பாபின் பிழை சுமார் 2.3%, பெரும்பான்மை பார்த்து ஊகிக்கும் ஈவுக்கு சுமார் 6%. எந்தத் தொகுதியை வைத்துக்கொள்வது என்பது பாபின் கையில், ஈவ் கிடைத்ததைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்
சரி, அப்படியானால் ஒருவழியாக மட்டும் பேசினால் இது நடக்காது, பாப் "இது வேண்டும், இது வேண்டாம்" என்று திருப்பிச் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது, இல்லையா?

பதில் 2
அதேதான். ஒருவழிப் பேச்சுக்கு அல்ஸ்வெடேயும் சிசாரும் 1993-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார்கள். இருவழிக்குப் பொதுவான சூத்திரம் இன்னும் யாரிடமும் இல்லை.