புதுப்பிப்பு: பெங்களூரில் 3 மணி நேரம் நின்றோம்

கிருஷ்ணகிரியிலிருந்து காரில் ஹம்பி போகும் வழியில், அம்மாவோடு பெங்களூரில் 3 மணி நேரம் நின்றால் எதைப் பார்க்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் "ஊருக்குள்ளே நுழையாதீங்க, ஊரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் போயிடுங்க" என்றீர்கள். போய் வந்துவிட்டோம், நுழைந்துதான்.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஓசூர், அத்திப்பள்ளி எங்குமே நெரிசல் இல்லை. ஆறரைக்கு லால்பாக் தாவரவியல் தோட்டத்தின் வாசலில் இருந்தோம்.

1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை அழகுதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது தோட்டத்துக்குள் இருக்கும் பெரிய பாறை. சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை. உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் பெயரிலான கோபுரம். அம்மா மெதுவாக ஏறி, வெறுங்காலோடு நின்று, "நம்ம கோட்டை மலைப் பாறை மாதிரியேதான்டா இருக்கு" என்றார். இந்தத் தோட்டத்தை 1760-ல் தொடங்கிய ஹைதர் அலியின் கையில்தான் நம் கிருஷ்ணகிரிக் கோட்டையும் இருந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே ஒரு மணி நேரம் போய்விட்டது, போகட்டும்.

கர்நாடகச் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதாவைச் சாலையிலிருந்தே பார்த்தோம். 1956-ல் முடித்த கருங்கல் கட்டடம். காலை வெயில் பட்டபோது கண்ணை எடுக்க முடியவில்லை. திப்புவின் மர அரண்மனைக்கு நேரமில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒன்பதரைக்கு ஹம்பி பக்கம் போகும் துமகூரு சாலையைப் பிடித்துவிட்டோம். வயதானவர்களோடு போகிறவர்கள் ஞாயிறு காலையையே தேர்ந்தெடுங்கள். லால்பாக் ஒன்று போதும்.