தனியாள் பட்டறையில் உளி அடிக்கக் கொடுக்கிறேன், என்னென்ன சொல்லணும்?

கட்டபெட்டு மரவேலை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எஸ்டேட்டில் வெட்டுற சில்வர் ஓக்கிலும் கற்பூர மரத்திலும் (யூகலிப்டஸ்) கட்டில், பெஞ்சு செய்கிறேன். காய்ந்த கற்பூர மரத்தில் துளை போட ஆரம்பித்தால் கடையில் வாங்கின உளி கொஞ்ச நேரத்திலேயே வாய் மடங்கிவிடுகிறது. கோத்தகிரி பக்கம் ஒரு பெரியவர் தனியாளாகப் பட்டறை வைத்திருக்கிறார். உலை, சாணை, பிடி கடைவது எல்லாம் அவர் ஒருத்தர்தான். கால் இஞ்ச், அரை இஞ்ச் துளை உளி, ஒரு இஞ்ச் பட்டை உளி, இழைப்புளிக்கு ஒரு பிளேடு கேட்டிருக்கிறேன். பாதி முன்பணம், ரெண்டு மாசம் ஆகும் என்கிறார். எல்லாமே லாரிப் பட்டாவில், அதாவது லாரி ஸ்பிரிங் தகட்டில், அடிப்பாராம். சரிப்படுமா?

குன்னூர் ஆசாரி:
தம்பி, முதலில் ஒன்று. இஞ்ச் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீங்க. நீங்க அறுக்கிற கற்பூரக் கட்டையில் ஒரு துண்டும், வாய் மடங்கிய பழைய உளியும் எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்க. உளி எங்கே தேய்ந்திருக்கு, கொட்டாப்புளி அடி எந்தப் பக்கம் விழுந்திருக்கு என்று பார்த்தாலே உங்க கை அவருக்குப் புரிந்துவிடும். தனியாளிடம் செய்யக் கொடுப்பதில் இருக்கிற பெரிய லாபமே இதுதான்.

துளை உளிக்கு லாரிப் பட்டா நல்ல இரும்பு. அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். அடி தாங்கும், நெம்பினாலும் உடையாது. ஆனால் ஓடி ஓடித் தேய்ந்த பட்டாவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால் லைனில் ஓடாத புதுப் பட்டாவின் வெட்டுத்துண்டு கிடைக்குமா என்று கேளுங்க. பட்டை உளிக்கும் இழைப்புளி பிளேடுக்கும் அது போதாது. பேரிங் இரும்போ பழைய அரமோ வேணும். ஒரு சதவீதத்தை ஒட்டிக் கார்பன் இருந்தால் மெல்லிய வாய் நன்றாக நிற்கும்.

தோய்ச்சல் போடும்போது, அதாவது சிவந்த இரும்பை முக்கிக் கடினமாக்கும்போது, பக்கத்தில் நிற்க விடுவாரா என்று கேட்டுப் பாருங்க. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவந்த பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் விடணும். அப்புறம் மெதுவாகச் சூடாக்கி, வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தணும். வாயில் நீலம் ஏறிவிட்டால் பதம் இறங்கிப்போச்சு என்று அர்த்தம். பிடிப்பக்கம் நீலமாக இருந்தால் நல்லதுதான்.

உளி கைக்கு வந்ததும் முதுகைக் கண்ணாடித் துண்டில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடிங்க, இடைவெளி தெரியக்கூடாது. முதல் முறை தீட்டி வாய் நிற்கவில்லை என்றால் உடனே அவரிடம் சண்டைக்குப் போகாதீங்க. உலைச் சூட்டில் மேல்தோலில் கார்பன் எரிந்து போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் தேய்த்துத் தள்ளினால் உள்ளே நல்ல இரும்பு வரும். அதற்கு மேலும் மடங்கினால் திருப்பிக் கொடுங்க, மறுபடி தோய்ச்சல் போட்டுத் தருவார். வாய் உதிர்ந்தால் பதம் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க.

வத்தலக்குண்டு:
இடையில் ஒரு வார்த்தை. நானும் மலையில்தான் வாங்கினேன், கொடைக்கானல் பக்கம். இரும்பு அருமை. இங்கே கீழே கொண்டுவந்து ஒரு கோடை போனதும் பிடி சுருங்கிப் பூண் கழன்று விழுந்தது. மேலே ஈரக்காற்றில் கடைந்த மரம், கீழே வெயிலில் காய்ந்துவிட்டது. சமவெளிக்காரர்கள் உளியை மட்டும் வாங்கி, கருவேலங்கட்டையில் ஊரிலேயே பிடி போட்டுக்கொள்வது நல்லது.

குன்னூர் ஆசாரி:
சரியாச் சொன்னீங்க அண்ணா. கட்டபெட்டுத் தம்பிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, மலைக்காற்றுப் பிடி மலையிலேயே இருக்கும். அவருக்கு வரப்போவது துருதான். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரியில் மழை பிடித்தால் ராத்திரியோடு ராத்திரி இரும்பில் பூக்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

கட்டபெட்டு மரவேலை:
ரொம்ப நன்றிங்க. கட்டைத் துண்டோடு போகிறேன். முன்பணம் கொடுக்கலாம்தானே? நடுவில் போன் பண்ணி விசாரிக்கலாமா?

குன்னூர் ஆசாரி:
தாராளமாகக் கொடுங்க. இரும்பும் கரியும் அவர் முன்கூட்டியே கைக்காசு போட்டு வாங்கணும். போன் மட்டும் பகலில் வேண்டாம். ஒற்றை ஆள், உலையில் இரும்பு சிவந்திருக்கும் நேரத்தில் போனை எடுக்கப் போனால் சூடு தப்பிவிடும். சாயங்காலம் ஆறுக்கு மேல் கூப்பிடுங்க. பேரம் பேசாதீங்க. இழைப்புளி பிளேடுக்கு மட்டும் உங்க இழைப்புளிக் கட்டையின் வாய் அகலத்தை அட்டையில் வெட்டிக் கொடுத்துவிடுங்க.