மறு: பிண்டா கிரெடிட்டுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம். மலேசியாவில் பிண்டா கிரெடிட் (மலாயில் பிண்டா என்றால் மாற்றுவது) என்பது, ஓரிடத்தில் படித்து முடித்த பாடங்களின் கிரெடிட்டை இன்னொரு படிப்பில் கணக்கில் சேர்ப்பது, ஆங்கிலத்தில் கிரெடிட் டிரான்ஸ்ஃபர். அதற்கான தமிழ்ச்சொல்தான் பேச்சு.

> "கடன் மாற்றம்" என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, சுங்கை சிப்புட்டில் இந்தச் சொல்லைப் போட்டு ஒரு பலகை மாட்டினால், பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனை எந்த வங்கிக்கு மாற்றித் தருவீர்கள் என்றுதான் வந்து கேட்பார்கள். கடன் வேண்டாம்.

> அப்படியானால் கிரெடிட் என்றே எழுதுங்கள். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். ஆனால் ஆளுக்கொரு விதமாகத் தெரிந்த சொல். இங்கே தோட்டத்து வீடுகளில் "பையன் வரலாற்றில் கிரெடிட் எடுத்துவிட்டான்" என்றால், எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வில் சி-யோ அதற்கு மேலோ வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். கைப்பேசியில் கிரெடிட் இல்லை என்றால் காசு போட வேண்டும். பல்கலைக்கழகத்துக் கிரெடிட் வேறு சங்கதி. எம்கியூஏ, அதாவது மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் 40 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். விரிவுரை கேட்பது, கலந்துரையாடல், வீட்டில் உட்கார்ந்து படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அந்த 40-க்குள் அடக்கம். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேர உழைப்பு. ஏ வாங்கியவருக்கும் அதே 3, சி வாங்கியவருக்கும் அதே 3.

அதனால் "மதிப்பெண்", "தரப்புள்ளி" இரண்டும் சரிவராது. நம் பள்ளிகளில் புள்ளி என்றாலே மார்க். உழைப்பை அளக்கும் ஒன்றுக்கு அலகு என்று பெயர் வைப்பதுதான் முறை. "படிப்பலகு" என்கிறேன்.

இனி "மாற்றம்". எனக்கு உண்மையான சண்டை இதோடுதான். மாற்றம் என்றதும், வீடு மாறும்போது சாமானை லாரியில் ஏற்றுவதுபோல எல்லாம் கூடவே வந்துவிடும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு பெண், பாலர் பள்ளி ஆசிரியை. டிப்ளோமா 90 கிரெடிட்டில் முடித்தவள். இயங்கலையில் (ஆன்லைனில்) ஆங்கில இளங்கலை படிக்க ஆசை. அதற்குக் குறைந்தது 120 கிரெடிட். 120-இல் 90 போனால் 30, ஒரே வருடத்தில் பட்டம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

தேர்வு முடிவுத் தாளை மேசையில் விரித்து, மஞ்சள் பேனாவால் ஒவ்வொரு பாடமாகக் கோடு போட்டுப் பார்த்தோம். மொழியியல் அறிமுகம், பி: பழைய பாடத்திட்டமும் புதியதும் ஏறக்குறைய ஒன்று, கோடு விழுந்தது. சிறுவர் இலக்கியம், சி மைனஸ்: சி-க்குக் கீழே இருந்தால் பேச்சே இல்லை. பாலர் வகுப்பு மேலாண்மையில் ஏ வாங்கியிருக்கிறாள், பாவம், ஆங்கிலப் பட்டத்தில் அதற்கு ஜோடிப் பாடமே கிடையாது. உள்ளடக்கம் 80 விழுக்காடாவது பொருந்த வேண்டுமே! இத்தனையும் தாண்டினாலும் டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு ஏறும்போது ஓர் உச்ச வரம்பு உண்டு. அது 30 விழுக்காடு என்றால் 120-இல் 36தான். மூன்று மூன்றாக 12 பாடம். மீதி 84-ஐப் படித்தே தீர வேண்டும்.

ஆக, கொண்டுபோகிறவர் கையில் எதுவும் இல்லை. வாங்கிக்கொள்கிற பல்கலைக்கழகம்தான் முடிவு செய்கிறது. சொல்லும் அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும்: "படிப்பலகு ஏற்பு". இன்னொரு வசதியும் இருக்கிறது. ஏபெல் சி முறையில், வகுப்புக்கே போகாமல் வேலை அனுபவத்தைத் தேர்விலோ தொகுப்பேட்டிலோ காட்டிக் கிரெடிட் வாங்கலாம். அங்கே மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? "அனுபவவழிப் படிப்பலகு ஏற்பு" என்றால் அதுவும் இதே குடும்பத்தில் வந்துவிடும்.

"விலக்கு" என்பதை இதோடு குழப்ப வேண்டாம். விலக்கு என்றால் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டாம், அவ்வளவே.

---

தம்பி, ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். "ஏற்பு" அருமை, மறுபேச்சில்லை. படிப்பலகு மட்டும் இடிக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், அலகு என்றால் பையன்கள் கிளியின் மூக்கைத்தான் வரைவார்கள். "பாட அலகு" என்று பிரித்தால் என்ன?

---

ஐயா, கிளியோடு சமாளித்துக்கொள்ளலாம், மீட்டரையும் கிலோவையும் அலகு என்று படித்த பிள்ளைகள்தானே. "பாட அலகு"தான் ஆபத்து. இலங்கைப் பாடநூல்களில் அலகு ஒன்று, அலகு இரண்டு என்று பாடப்பகுதிகளுக்கே எண் போட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்து அன்பர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வேறொன்றாகப் படும்.

கோயில் மண்டபத்தில் நடக்கும் கல்வி வழிகாட்டிக் கூட்டத்துக்கான துண்டறிக்கையில் "படிப்பலகு ஏற்பு" என்று போட்டு, பக்கத்திலேயே பிண்டா கிரெடிட் என்றும் போடப்போகிறேன். அச்சகத்துக்குப் போகும் முன் ஒன்று பாக்கி. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குப் போவது ஒரு வகை. ஒரு பட்டப்படிப்பிலிருந்து இன்னொரு பட்டப்படிப்புக்கு, அதே நிலையில், போவது மற்றொன்று. "மேல்நிலை ஏற்பு", "சமநிலை ஏற்பு" என்று எழுதி வைத்திருக்கிறேன். மேல்நிலை என்றால் தமிழ்நாட்டார் பிளஸ் டூ என்று நினைப்பார்களோ? வேறு சொல் இருந்தால் சீக்கிரம் அனுப்புங்கள்.