மறு: வைரல் இன்டர்ஃபியரன்ஸ் – குறுக்கீடா, மறிப்பா?

வணக்கம்.

ஒரு வைரஸ் இன்னொரு வைரஸைப் பெருக விடாததை ஆங்கிலத்தில் வைரல் இன்டர்ஃபியரன்ஸ் என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை மறுபடி படித்தேன். குறுக்கீடு, தலையீடு, முரண்வினை, வைரஸ் போட்டி. எல்லாம் சரி, ஆனால் எந்த நிகழ்வுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதிலேயே நமக்குள் இரண்டு எண்ணம் ஓடுகிறது.

> ஒரு சளி வைரஸ் உள்ளே இருக்கும்போது இன்னொன்று வந்தால் நோய் குறைகிறது, அவ்வளவுதானே? குறுக்கீடு என்றே வைத்துவிடலாம்.

அவ்வளவுதான் இல்லை, ஐயா. ‘வைரஸ் பெருகுவது குறைகிறது’ என்பது ஒன்று, ‘நோய் குறைகிறது’ என்பது இன்னொன்று. வைரல் இன்டர்ஃபியரன்ஸ் என்று வைரஸ் ஆய்வாளர்கள் சொல்வது முதலாவதை. 1957இல் லண்டன் மில் ஹில்லில் ஐசக்ஸும் லிண்டன்மனும் செய்த சோதனையைப் பாருங்கள். சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸை, கோழி முட்டைக் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வின் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். அப்புறம் உயிருள்ள ஃப்ளூ வைரஸை விட்டார்கள், அது பெருகவில்லை. அந்தச் சவ்வு கிடந்த திரவத்தை எடுத்துப் புதுச் சவ்வில் விட்டாலும் அதே பலன். திரவத்தில் இருந்த அந்தப் பொருளுக்குத்தான் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். செல் தன் பக்கத்துச் செல்களுக்கும் சேர்த்து விடும் எச்சரிக்கை அது.

அதே கதையின் புதிய பதிப்பு 2020இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்த மனித மூச்சுக்குழல் செல்களில் முதலில் சாதாரணச் சளி வைரஸான ரைனோவைரஸ், 3 நாள் கழித்து ஃப்ளூ. ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ ஏறத்தாழ 50,000 மடங்கு குறைந்தது. இன்டர்ஃபெரான் வழியை மருந்தால் அடைத்தபோது ஃப்ளூ பழையபடி பெருகியது.

இதற்குக் ‘குறுக்கீடு’ எனக்கு ஒட்டவில்லை. பிளஸ் டூ இயற்பியலில் ஒளிக்குச் சொல்லும் குறுக்கீட்டு விளைவில் வெளிச்சம் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். இங்கே நடப்பது ஒரே திசை: முந்தி வந்தது பிந்தி வந்ததைப் பெருக விடாது. ஆகவே மறிப்பு. வழிமறிப்பது, இடைமறிப்பது, மறியல் எல்லாம் நம் வாயில் இருக்கிற சொற்கள். வினையாகவும் பெயரடையாகவும் வளைகிறது: ரைனோவைரஸ் ஃப்ளூவை மறிக்கிறது; மறிக்கும் வைரஸ், மறிபடும் வைரஸ். ஒரு கலைச்சொல்லை நான் முதலில் இப்படித்தான் சோதிப்பேன், வாக்கியத்தில் போட்டு நாலு பக்கம் இழுத்துப் பார்ப்பது. ‘தொற்றுமறிப்பு’ என்று முதலில் யோசித்தேன். தொற்றுத்தடுப்பு என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். எனவே வைரஸ் மறிப்பு. (‘வைரஸ்’ என்பதற்குத் தமிழ் நச்சுயிரியா தீநுண்மியா என்ற சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

இனி நோயின் கடுமை. ஒரு தொற்று இன்னொன்றின் கடுமையை மாற்றுமா என்று இழையில் ஓர் அம்மா கேட்டிருந்த கேள்வி உண்மையில் இதைப் பற்றியது, இதில்தான் சிக்கல். இடாஹோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு, 2018இல் வெளிவந்தது. ஃப்ளூவுக்கு 2 நாள் முன்பு ரைனோவைரஸ் கொடுத்த எலிகளுக்கு ஃப்ளூ லேசாகவே வந்துபோனது. சரி, ஃப்ளூ வைரஸ் மறிக்கப்பட்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. தொடக்க நாள்களில் நுரையீரலில் ஃப்ளூ வைரஸின் அளவு குறையவே இல்லை. அழற்சி சீக்கிரமே தொடங்கி, ஆங்காங்கே திட்டுத்திட்டாக நின்றுவிட்டது; ஃப்ளூ மட்டும் வந்த எலிகளில் நுரையீரல் முழுக்கப் பரவியது. பிறகு வைரஸ் வெளியேறுவதும் விரைவாக நடந்தது. ஃப்ளூவை அதிக அளவில் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்னொரு வேடிக்கை: ரைனோவைரஸுக்குப் பதில் எலிகளின் கொரோனா வைரஸ் ஒன்றைக் கொடுத்தபோதும் நோய் தணிந்தது, ஆனால் அங்கே ஃப்ளூ பெருகுவதும் குறைந்தது. ஒரே முடிவு, இரண்டு வழி. முதலாவதை ‘மறிப்பு’ என்று எழுதினால் தப்பு.

எதிர்த்திசையும் உண்டு. பிரிட்டனில் கோவிட்டோடு மருத்துவமனையில் சேர்ந்து மற்ற வைரஸ்களுக்கும் பரிசோதிக்கப்பட்ட 6,965 பேரில் 227 பேருக்கு ஃப்ளூவும் இருந்தது. கோவிட் மட்டும் இருந்தவர்களை ஒப்பிட்டால், இவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு, இறப்பு வாய்ப்பு 2 மடங்குக்கு மேல். 2022இல் வந்த கணக்கு இது. இதைக் குறுக்கீடு என்றாலும் மறிப்பு என்றாலும் படிக்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

அதனால் கடுமைக்குத் தனியாக ஒரு பொதுச்சொல் வேண்டும், எந்தப் பக்கமும் சாயாததாக. ‘தொற்றிடை விளைவு’ என்கிறேன், அதாவது ஒரு தொற்று இன்னொரு தொற்றின் கடுமையில் ஏற்படுத்தும் விளைவு. குறைந்தால் தொற்றிடைத் தணிவு, கூடினால் தொற்றிடைக் கடுமையேற்றம்.

> ஏற்றம் என்றால் நல்லது என்று பொருள் வராதா?

விலையேற்றத்தில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லையே!

இரண்டு தொற்றும் ஒரே சமயத்தில் இருந்தால் இணைத்தொற்று, அது ஏற்கெனவே புழங்குகிறது. வரிசை முக்கியமானால் முன்தொற்று, பின்தொற்று என்று பிரிக்கலாம். எலி ஆய்வில் எத்தனை நாள் முன்பு என்பதே பலனைத் தீர்மானித்ததால் இந்தப் பிரிவு தேவை என்று நினைக்கிறேன்.

ஊர் அளவில் நடப்பதை இதில் சேர்க்கவில்லை. 2009 இலையுதிர்காலத்தில் பிரான்சிலும் சுவீடனிலும் ரைனோவைரஸ் பரவியதால் பன்றிக்காய்ச்சல் தள்ளிப்போனதோ என்று பேசப்பட்டது. கிளாஸ்கோவில் 44,230 மூச்சுநோய் நிகழ்வுகளின் பரிசோதனை முடிவுகளிலும் இன்ஃப்ளூயன்சா ஏ ஏறும்போது ரைனோவைரஸ் இறங்குவது தெரிந்தது. அது பரவல் பற்றிய விஷயம், ஒருவர் உடம்புக்குள் நடப்பது பற்றியது அல்ல. அதற்கு ‘வைரஸ் போட்டி’ பொருந்தலாம், பரிந்துரைத்தவர் அங்கே வைத்துக்கொள்ளட்டும்.

‘தலையீடு’ சொன்ன யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஒரு கேள்வி: உங்கள் பக்கத்து மருத்துவ மாணவர்கள் இதை வகுப்பில் தமிழில் சொல்வதுண்டா, என்ன சொல்கிறார்கள்? ‘தொற்றிடை’ என்பதைத் ‘தொற்றுக்கு நடுவே’ என்று படிக்க இடமிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னும் நல்ல முன்னொட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.