முடிவை முன்பே எழுதி வைத்து ஆடும் ரெஸ்லிங்கில் நைலா ரோஸை யார் தடுக்க வேண்டும், எதற்கு?

அண்டர்டேக்கர் தாசன்:
தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடந்த ஏஇடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பெனியின் நிகழ்ச்சியில் நைலா ரோஸ் இன்னொரு பெண்ணோடு மோதினார். நைலா திருநங்கை. அந்த மாநிலத்தில் ஆணும் பெண்ணும் மோதக் கூடாது என்று விதி இருப்பதால், அங்குள்ள விளையாட்டு ஆணையம் கம்பெனிக்கு எச்சரிக்கை கொடுத்தது. ஆணையம் செய்தது சரி என்பது என் கருத்து. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்து வந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள முடியாது என்று நீச்சலில் 2022லும் தடகளத்தில் 2023லும் உலக அமைப்புகளே முடிவெடுத்துவிட்டன. ரெஸ்லிங்குக்கு மட்டும் என்ன தனி நியாயம்?

மூணாவது கவுண்ட்:
தனி நியாயம்தான். நீச்சலில் யார் ஜெயிக்க வேண்டும் என்று முந்தின நாளே யாரும் எழுதி வைப்பதில்லை. 2019 அக்டோபர் 2, வாஷிங்டன். ஏஇடபிள்யூவின் முதல் பெண்கள் சாம்பியன் யார் என்ற ஆட்டம். நைலா பிறந்த ஊர் அது. எதிரே நின்ற ரிஹோ 50 கிலோகூட இருக்க மாட்டார். ஜெயித்தது ரிஹோ. 2020 பிப்ரவரியில் டெக்சாஸில் அதே ரிஹோவைத் தோற்கடித்து நைலா சாம்பியன் பெல்ட் வாங்கினார், மே மாதம் ஹிகாரு ஷிடாவிடம் இழந்தார். இந்த மூன்று முடிவையும் எடுத்தது உடம்பு அல்ல, யார் ஜெயிக்க வேண்டும் என்று தீர்மானித்து புக்கிங் செய்கிறவர். எலும்பு அடர்த்தி, நுரையீரல் கொள்ளளவு எல்லாம் இங்கே எதற்கு?

ஈரோட்டு ஹீல்:
ரிஹோ ஜெயித்தார் அதனால் நைலாவுக்குப் பலம் இல்லை என்பது, கிளைமாக்ஸில் வில்லன் அடி வாங்கினான், அதனால் அந்த நடிகர் ஒல்லி என்பது மாதிரி இருக்கிறது. முடிவு மட்டும்தான் எழுதி வைத்தது. தூக்கிப் போடுவது நிஜம். ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம். விழுகிற முதுகு நிஜ முதுகு.

ஜோஷி ரசிகை:
ஹீல் சொல்வது கேட்க வேண்டிய விஷயம், ஆனால் அவர் போகும் திசை தவறு. எதிராளியைத் தூக்கி முதுகு படப் போடும் பவர்பாம்ப்பை வாங்குகிறவர் தானே எம்பிக் கொடுப்பார், தாடையை நெஞ்சோடு ஒட்டி வைப்பார். தூக்குகிறவர் கடைசி வரை பிடியை விடாமல் இறக்க வேண்டும். அடிபடுவது பெரும்பாலும் கவனக்குறைவால், சில நேரம் கெட்ட எண்ணத்தால். 2018 நவம்பரில் டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் ரா நிகழ்ச்சியில் நையா ஜாக்ஸ் விட்ட ஒரே குத்தில் பெக்கி லிஞ்சின் மூக்கு உடைந்தது, ரோண்டா ரௌஸியோடு நடக்க வேண்டிய ஆட்டமே கைவிட்டுப் போனது. 2017ல் மெக்சிகோவின் டிரிப்பிள்மேனியா நிகழ்ச்சியில் செக்ஸி ஸ்டார், ஆட்டம் முடிந்த பிறகும் ரோஸ்மேரியின் கையை நிஜமாகவே முறுக்கிக் காயப்படுத்தினார். இந்த நான்கு பேருமே பிறப்பால் பெண்கள்.

உடம்பு பெரிது என்பதுதான் பிரச்சினை என்றால் ஜப்பானில் ஆஜா கோங் என்ற வீராங்கனையை முதலில் தடுத்திருக்க வேண்டும். அவருடைய எடை நூறு கிலோவை ஒட்டி இருந்தது, எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் அவர் எடையில் பாதி. அதே ஜப்பானில் வேனி என்ற திருநங்கை பெண்கள் கம்பெனிகளில் பட்டம் வாங்கியிருக்கிறார். 2021ல் ஏஇடபிள்யூ நடத்திய பெண்கள் டோர்னமென்ட்டின் ஜப்பான் பகுதியிலும் ஆடினார். ஆட்டம் பிடித்ததா இல்லையா என்பதுதான் அங்கே பேச்சு.

அண்டர்டேக்கர் தாசன்:
பாதுகாப்பைப் பற்றி நான் பேசவே இல்லை, அதை ஹீல் பார்த்துக்கொள்ளட்டும். என் கவலை இடம். நியூயார்க்கில் 1972 வரை பெண்கள் ரெஸ்லிங்குக்கே தடை. 2015 பிப்ரவரியில் டபிள்யூடபிள்யூஇ நான்கு பெண்களை ரிங்குக்கு அனுப்பி சுமார் 30 நொடியில் ஆட்டத்தை முடித்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். 2016ல்தான் பெண்களுக்கென்று வைத்திருந்த அந்த 'டிவாஸ்' பெல்ட் ஒழிந்தது. அதன் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 2019ல்தான் பெண்கள் முதன்முதலாக முக்கியமான கடைசி ஆட்டம் ஆடினார்கள். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய இடம் இது. ஏஇடபிள்யூவில் வாரத்துக்கு இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்டம். முடிவு பொய்யாக இருக்கலாம், அந்தப் பத்து நிமிஷமும் அதற்கான சம்பளமும் பொய்யா?

மூணாவது கவுண்ட்:
இது உருப்படியான கேள்வி. ஆனால் விலாசம் தப்பு. ஒரே ஒரு ஆட்டம் என்று முடிவெடுத்தது நைலாவா? 1999ல் சைனா என்ற வீராங்கனை ஜெஃப் ஜாரெட்டைத் தோற்கடித்து ஆண்களின் இன்டர்காண்டினென்டல் பெல்ட் வாங்கியபோது ஆண்களின் இடம் போச்சு என்று நீங்கள் அழுதீர்களா?

ஈரோட்டு ஹீல்:
சைனா பலம் குறைந்த பக்கத்திலிருந்து பலம் கூடிய பக்கத்துக்குப் போனார். யாருக்கும் வலிக்கவில்லை. இது தலைகீழ். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மூணாவது கவுண்ட்:
சரி, தலைகீழாகவே ஒன்று. 2011ல் மெக்சிகோவின் ஏஏஏ கம்பெனியில் பிம்பினெலா எஸ்கார்லாட்டா பெண்கள் பெல்ட்டான ரெய்னா டி ரெய்னாஸ் வாங்கினார். அவர் ஒரு எக்ஸோட்டிகோ, பெண் பாவனையில் ஆடும் ஆண். திருநங்கைகூட இல்லை! அங்கே பெண்கள் பிரிவு அழிந்துபோகவில்லை.

ஈரோட்டு ஹீல்:
அழியவில்லை, ஆனால் அந்தப் பெல்ட்டை யார் மதித்தார்கள்? நீங்கள் எனக்கு ஆதாரம் கொடுக்கிறீர்கள்.

கயிற்றோரம்:
நிஜ மல்யுத்தத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா. டெக்சாஸில் பள்ளி மாணவர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினத்தில்தான் ஆட வேண்டும் என்று விதி. மேக் பெக்ஸ் என்ற திருநம்பி டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்தார், ஆண்களோடு ஆட அனுமதி கேட்டார், மறுத்தார்கள். 2017, 2018 இரண்டு வருஷமும் பெண்கள் பிரிவில் மாநிலப் பட்டம் வாங்கினார். அரங்கில் பாதிப் பேர் கூச்சல் போட்டது அவரைப் பார்த்து, விதியைப் போட்டவர்களைப் பார்த்து அல்ல. சான்றிதழைப் பார்த்து முடிவெடுத்தால் இதுதான் நடக்கும். சோதனை செய்து முடிவெடுக்கலாம் என்றால் நம் புதுக்கோட்டை சாந்தியை நினைத்துப் பாருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர், பிறகு பாலினச் சோதனை என்று பதக்கத்தைப் பறித்தார்கள்.

அண்டர்டேக்கர் தாசன்:
சாந்தி திருநங்கை அல்ல, பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். தயவுசெய்து அவரை இதில் இழுக்காதீர்கள். அவருக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

கயிற்றோரம்:
அவர் திருநங்கை அல்ல என்பதுதான் நான் சொல்வதே. வாசலில் காவல் போட்டால் முதலில் மாட்டுவது உள்ளே இருக்கும் பெண்தான்.

ஜோஷி ரசிகை:
மறுபடி ஓக்லஹோமாவுக்கு வருவோம். 1989ல் நியூ ஜெர்சியில் அன்றைய டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) தரப்பே, இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து தப்பிக்கத்தான். பல மாநிலங்களில் இன்று கட்டுப்பாடு தளர்ந்திருப்பதற்கு அந்த வாதம்தான் காரணம். ஓக்லஹோமாவோ குத்துச்சண்டைக்கு எழுதிய மாதிரி ஒரு விதியை ஒத்திகை பார்த்து ஆடும் ஆட்டத்தின் மேல் போடுகிறது. இரண்டு பேரும் சம்மதித்து, முடிவையும் தெரிந்துகொண்டு ஆடுகிறார்கள். ஆணையம் யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறது?

ஈரோட்டு ஹீல்:
பொழுதுபோக்கு என்றால் பொழுதுபோக்காகவே விற்க வேண்டும். 2019ல் ஏஇடபிள்யூ ஆரம்பித்தபோது வெற்றி தோல்விக் கணக்கைத் திரையில் போட்டு, ரேங்கிங் வெளியிட்டு, "நாங்கள் விளையாட்டு மாதிரி நடத்துவோம்" என்றுதானே மார்தட்டினார்கள். வசதிப்பட்டால் விளையாட்டு, கேள்வி வந்தால் நாடகம். நைலாவை 'மிருகம்' என்று விளம்பரப்படுத்தி, சின்னப் பெண்களை நசுக்குகிற மாதிரி கதை எழுதியதும் அவர்கள்தான். உடம்பு முக்கியமில்லை என்றால் அந்தக் கதையே ஓடாது.

ஜோஷி ரசிகை:
அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு திருநங்கையை அரக்கி வேஷத்திலேயே வருஷக்கணக்காக வைத்தது சோம்பேறித்தனமான புக்கிங். 2022 இறுதியில் ஜேட் கார்கிலிடம் இருந்த டிபிஎஸ் என்ற இன்னொரு பெண்கள் பெல்ட்டைத் திருடிக்கொண்டு அலைகிற கதையில் நைலாவின் நகைச்சுவை எவ்வளவு நன்றாக வந்தது! அதை வளர்க்காமல் விட்டார்கள்.

அண்டர்டேக்கர் தாசன்:
எல்லாரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள். இரண்டு மணி நேரத்தில் பெண்களுக்கு ஏன் ஒரே ஆட்டம், அந்த இடம் யாருக்கு என்று கேட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மூணாவது கவுண்ட்:
அதன் முதல் பாதியைத் தனி இழையாகத் திறங்கள் தாசன், முதல் ஆளாக வந்து உங்கள் பக்கம் நிற்கிறேன். அந்த இழையில் நைலாவின் பெயருக்கு வேலையே இருக்காது.

ஈரோட்டு ஹீல்:
இருக்கும். நான் வருவேன்.